விருந்தினரை எண்ணும் நாடு

புரட்டாசி பாதி கழிந்ததும் கல்கத்தாவில் வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி எழுந்துவிடும். "பூஜைக்கு எங்கே பயணம்?" என்பதே அது. இந்நகரத்து வங்காளி அன்பர்களுக்குத் துர்க்கா பூஜை விடுமுறையும் பிரயாணமும் இணைபிரியாதவை. காதை மூடும் கம்பளிக் குல்லாயும், பொரிப் பொட்டலமும், மருந்துப் பெட்டியுமாக அவர்கள் மலைக்கும் கடலுக்கும் புறப்பட்டுவிடுவார்கள். பல்லாண்டுகளாக அவர்களோடு ஒரே தெருவில் வாழும் நமக்கும் அவ்வழக்கம் மெல்லத் தொற்றிக்கொண்டது. விடுமுறையோ ஒரு வாரம். ஊருக்குப் போய்த் திரும்பினால் அதில் பாதி ரயிலிலேயே கழிந்துவிடும். ஆகவே வடக்கே மலைகளை நோக்கி முகம் திருப்பும் தமிழ்க் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

அவ்வாறு நாங்கள் 2019-லும், மீண்டும் 2024-லும் பூட்டானுக்குச் சென்று வந்தோம். நாங்கள் என்றால் நால்வர்: கணவன் மனைவி இருவர், எழுபது கடந்த பாட்டி, ஒரு பையன். முதற் பயணத்தின்போது பையனுக்கு வயது ஐந்து. இரண்டாம் பயணத்தின்போது பத்து. இரண்டு பயணங்களுக்கும் இடையே ஐந்தே ஆண்டுகள். ஆயினும் முதல் முறை எங்களிடம் ஒரு காசும் கேளாமல் வாயிலைத் திறந்துவிட்ட நாடு, இரண்டாம் முறை தலைக்கு இத்தனை, இரவுக்கு இத்தனை என்று எண்ணி வாங்கிக்கொண்ட பின்னரே உள்ளே விட்டது. அது ஏன், அது நியாயந்தானா என்பதே வழி நெடுக எங்களுக்குள் நடந்த விவாதம். நம்மில் பலர் அடுத்த விடுமுறைக்கு அங்கே போக எண்ணியிருக்கலாம். ஆகவே அவ்விவாதத்தை நேயர்கள் முன் வைக்கிறோம்.

எல்லையில் ஒரு வாயில்

சியால்தாவில் இரவு காஞ்சன் கன்யா எக்ஸ்பிரஸில் ஏறிப் படுத்தால், மறுநாள் காலை டீஸ்டா நதிப் பாலத்தில் கண் விழிக்கலாம். அதன் பின் இருமருங்கும் தேயிலைத் தோட்டங்களும் காடுகளுமாக வண்டி செல்கிறது. முற்பகலில் ஹாசிமாரா என்னும் சிறு நிலையத்தில் இறங்கி, வாடகைக் காரில் முக்கால் மணி நேரம் சென்றால் ஜெய்காவ் வந்துவிடும். அதுவே இந்தியாவின் கடைசித் தெரு. ஒலிபெருக்கி, தள்ளுவண்டி, சைக்கிள் ரிக்ஷா, மூட்டை சுமப்போர் என நம் கடைத்தெருக்களுக்குரிய எல்லாச் சந்தடியும் அங்கே உண்டு. அத்தெருவின் முடிவில் வண்ணச் சித்திர வேலைப்பாடு மிக்க ஒரு வாயில் நிற்கிறது. அதற்கு அப்பால் புந்த்ஷோலிங் நகரம்; பூட்டானின் மண். கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். நமது ரூபாயும் அவர்களது நுல்ட்ரமும் ஒரே மதிப்புடையவை.

2019-ல் அவ்வாயிலை அடுத்த அலுவலகத்தில் நாங்கள் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றோம். முன்னும் பின்னும் வங்காளத்துக் குடும்பங்கள். அடையாள அட்டைகளைக் காட்டி, அனுமதிச் சீட்டைப் பெற்றோம். கட்டணம் ஏதுமில்லை. 2024-ல் வரிசை சிறுத்திருந்தது, கட்டணம் பிறந்திருந்தது. இந்தியப் பயணி ஒருவருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய். ஆறு வயது முதல் பன்னிரண்டு வரையுள்ள குழந்தைக்கு அதில் பாதி. ஆறு வயதுக்குட்பட்டோர்க்கு இல்லை. பெரியவர் மூவருக்கும் பையனுக்குமாக இரவொன்றுக்கு 4,200 ரூபாய். திம்புவில் இரண்டு, புனாக்காவில் ஒன்று, பாரோவில் இரண்டு என ஐந்து இரவுகளுக்கு 21,000 ரூபாய் ஆயிற்று. உணவும் உறையுளும் வண்டியும் இதில் சேர்ந்தவை அல்ல. எங்கள் நால்வரின் போக வர ரயில் கட்டணத்தையும் மிஞ்சிய தொகை இது.

இரசீதைக் கையில் வாங்கிப் பார்த்த பாட்டி சொன்னார்: "விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்கள் மூன்று நாள் பொறுக்காமல் வாசலிலேயே சீட்டு எழுதிவிட்டார்களே!"

நாங்கள் சிரித்தோம். ஆயினும் உள்ளத்தில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்தது. விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரமே வகுத்த திருக்குறளைப் படித்து வளர்ந்தவர்கள் நாம். வாசலில் நின்று விருந்தினரிடம் பணம் வாங்குவது நம் மனத்துக்கு எளிதில் ஒவ்வுவதில்லை.

இருநூற்று எண்பத்தேழு பேர்

புந்த்ஷோலிங்கிலிருந்து திம்பு ஐந்தாறு மணி நேரப் பயணம். ஏறத் தொடங்கியதுமே புழுக்கம் நீங்கி மேகம் சூழ்ந்துகொள்கிறது. இம்மலைச் சாலைக்கு ஒரு வரலாறு உண்டு. 1958-ல் பிரதமர் நேரு பூட்டானுக்கு வந்தபோது அந்நாட்டில் மோட்டார் செல்லும் சாலையே இல்லை. அவரும் மகள் இந்திராவும் சும்பிப் பள்ளத்தாக்கின் வழியே, மலைக் கணவாய்களைக் கடந்து, பல நாள் பயணம் செய்தே பாரோவை அடைந்தனர். 1961-ல் நமது எல்லைச் சாலை நிறுவனம் 'தந்தக்' என்னும் பெயரில் அங்கே பணி தொடங்கியது. பாறையைப் பிளந்து, சரிவைச் செதுக்கி அமைத்த அச்சாலையில்தான் இன்று உல்லாசப் பயணிகளின் வண்டிகள் ஏறுகின்றன.

பூட்டான் 1971-ல் ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பினர் ஆயிற்று. 1974 ஜூன் மாதத்தில் ஜிக்மே சிங்யே வாங்சுக் மன்னராக முடிசூடினார். அவ்விழாவுக்கு வந்த வெளிநாட்டு விருந்தினர்க்கெனக் கட்டிய விடுதிகளே பின்னர் பயணிகளுக்கும் பயன்பட்டன. அவ்வாண்டு அந்நாட்டைக் காண வந்த பயணிகள் மொத்தம் 287 பேர். நம் பேட்டையில் ஒரு கல்யாணத்திற்கு வரும் கூட்டம் இதைவிட அதிகம்!

அன்றே அந்நாட்டார் ஒரு முடிவு செய்தனர். வருவோர் சிலராக இருக்கட்டும். அவர்களால் வரும் வருவாய் பெரிதாக இருக்கட்டும் என்பதே அது. அயல்நாட்டார் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 130 டாலர் செலுத்த வேண்டும் என்று விதித்தனர். பின்னர் அது 200 ஆயிற்று; 2012 முதல் பயணிகள் மிகும் மாதங்களில் 250 ஆயிற்று. உணவு, உறைவிடம், வழிகாட்டி, வண்டி ஆகிய எல்லாம் அத்தொகைக்குள் அடக்கம். அதில் 65 டாலர் அரசாங்கத்தின் பங்கு. 1983-ல் பாரோவில் விமானம் இறங்கத் தொடங்கிய பின்னரும் இக்கொள்கை மாறவில்லை.

இந்தியருக்கு இவ்விதி பொருந்தவில்லை. நட்பு நாட்டார் என்ற முறையில் நாம் கட்டணமின்றிச் சென்று வந்தோம். சாலை நன்கு அமைந்தது. வங்காளத்தில் வசதி பெருகியது. பூஜை விடுமுறையில் வண்டிகள் அணிவகுத்தன. 2019-ல் பூட்டானுக்கு வந்தோர் மூன்று இலட்சத்துப் பதினையாயிரத்திற்கும் மேல். அவர்களில் இந்தியர் மட்டுமே ஏறக்குறைய இரண்டு இலட்சத்து முப்பதாயிரம் பேர். அந்நாட்டின் ஜனத்தொகையோ எட்டு இலட்சத்திற்கும் குறைவு.

ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஆண்டில் இரண்டு விருந்தினர் என்ற கணக்கு இது. அது பெரிய கூட்டமன்று என்று தோன்றலாம். ஆனால் அவ்விருவரும் ஆண்டு முழுவதும் பரவலாக வருவதில்லை. வசந்த காலத்திலும் பூஜைக் காலத்திலும் சேர்ந்தாற்போல் வருகிறார்கள். வந்தவர்கள் எல்லோரும் திம்பு, பாரோ, புனாக்கா என்னும் மூன்று பள்ளத்தாக்குகளிலேயே தங்குகிறார்கள். 2019-ல் டோச்சுலா கணவாயில் எங்கள் வண்டியை நிறுத்த இடமின்றி அரை மணி நேரம் சுற்றியது எங்களுக்கு நினைவிருக்கிறது. அந்தக் கூட்டத்தில் நாங்களும் நான்கு பேர் என்பதை அன்று நாங்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒரு ரூபாயின் பயணம்

திம்பு நகரில் போக்குவரத்து விளக்கு கிடையாது. நாற்சந்தியில் ஒரு சிறு மண்டபத்தினுள் காவலர் நின்று, நாட்டியம் போன்ற கையசைவால் வண்டிகளைச் செலுத்துகிறார். பையன் அதைக் கண்டு மகிழ்ந்து நிற்க, நாங்கள் எதிரே இருந்த உணவு விடுதியில் அமர்ந்தோம். நமக்கு மிளகாய் கறிக்குச் சேர்க்கும் பொருள். அங்கே மிளகாயே கறி. பச்சை மிளகாயைப் பாலாடைக் கட்டியோடு வேகவைத்துச் சிவப்பரிசிச் சோற்றுடன் பரிமாறுகிறார்கள். 'ஏமா தட்சி' என்பது அதன் பெயர். ஆந்திரத்து ஊறுகாய்க்கு அஞ்சாத பாட்டியே அதன் முன் ஒரு கணம் தயங்கினார்.

விடுதிக்காரர் ஹிந்தி அறிந்தவர். பேச்சு கட்டணத்தைப் பற்றித் திரும்பியது. அவர் எங்கள் மேசையைச் சுட்டிக்காட்டிச் சொன்ன கணக்கு எங்கள் கண்ணைத் திறந்தது.

"நீங்கள் இங்கே நூறு ரூபாய் கொடுக்கிறீர்கள், ஐயா. எண்ணெய் சிலிகுரியிலிருந்து வருகிறது. வெங்காயமும் பருப்பும் அங்கிருந்தே. உங்களை ஏற்றி வந்த வண்டியின் டீசல் இந்தியாவினது. இந்தக் கட்டடத்தின் இரும்பும் அப்படியே. நூறில் எனக்கு நிற்பது எவ்வளவு, மறுபடியும் வாயிலைத் தாண்டிப் போவது எவ்வளவு என்று பாருங்கள்."

சுற்றுலாத் தொழிலின் பொருளாதாரம் முழுவதும் இவ்வுரையில் அடங்கிவிட்டது. பயணி செலவிடும் பணமெல்லாம் அந்நாட்டின் வருவாய் ஆகிவிடாது. சாமான்களுக்காக வெளியே செல்வது போக, உள்ளே தங்குவதே உண்மையான வருவாய். பெரும்பாலான பொருள்களை வெளியிலிருந்து வாங்கும் சிறு நாட்டில் அது மிகவும் சுருங்கிவிடுகிறது. 2012-ல் பூட்டானில் இந்திய ரூபாய்க்கே பஞ்சம் வந்தது. இறக்குமதிக்குக் கொடுக்க ரூபாய் போதாமல் அந்நாட்டு மத்திய வங்கி கட்டுப்பாடுகள் விதிக்க நேர்ந்தது. வாயிலில் நாம் செலுத்தும் 1,200 ரூபாயோ முழுவதும் அரசாங்கக் கருவூலத்தைச் சேர்கிறது.

கருவூலம் அதை என்ன செய்கிறது? பூட்டானில் மருத்துவமும் பள்ளிக் கல்வியும் குடிமக்களுக்கு இலவசம். நாட்டின் நிலப்பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கு என்றென்றும் காடாகவே இருக்க வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டின் அரசியல் சட்டம் கட்டளையிடுகிறது. ஆகவே மரத்தை வெட்டி விற்றுப் பிழைக்க முடியாது. மலைகள் தெய்வங்களின் இருப்பிடம் என்பதால் 2003 முதல் சிகரம் ஏறுவதற்கே தடை. ஏறுவோரிடம் பெருந்தொகை பெறும் நேபாளத்தின் வழியும் அவர்களுக்கு அடைபட்டது. எஞ்சியவை இரண்டு: ஆற்று நீரும் விருந்தினரும்.

ஆற்று நீர் மின்சாரமாகிறது. திம்பு செல்லும் வழியிலேயே, இந்திய உதவியுடன் கட்டி 1980-களில் இயங்கத் தொடங்கிய சூக்கா மின்நிலையம் இருக்கிறது; 336 மெகாவாட் திறனுள்ளது. மின்சாரத்தை இந்தியாவுக்கு விற்று அந்நாடு பெரும் பொருள் ஈட்டுகிறது. ஆனால் ஒரு மின்நிலையத்தைக் கட்டி முடித்த பின் அதை நடத்தச் சிலரே போதும். ஒரு விடுதியை நடத்தவோ சமையற்காரர், பரிமாறுவோர், துணி வெளுப்போர், வண்டியோட்டி, வழிகாட்டி, கோழி வளர்ப்போர், கம்பளம் நெய்வோர் எனப் பலர் வேண்டும். மின்சாரம் கருவூலத்தை நிரப்புகிறது. விருந்தினர் வீடுகளை நிரப்புகின்றனர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

பாரோவில் ஒரு வீடு

இனி நாங்கள் சொல்ல வந்த முக்கியமான செய்திக்கு வருகிறோம்.

பாரோ பள்ளத்தாக்கில், நெல் வயல்களுக்கு நடுவே ஒரு குடியானவர் வீட்டில்தான் இரு முறையும் தங்கினோம். மண் சுவரும், சித்திரம் தீட்டிய மரச் சாளரங்களும் கொண்ட இரண்டடுக்கு வீடு. கூரையில் செக்கச் சிவந்த மிளகாய் உலர்ந்துகொண்டிருக்கும். வீட்டம்மா ஐம்பது வயதுள்ளவர். பாட்டியை அவர் 'அங்கே' என்று அழைத்தார். பாட்டி திரும்பித் திரும்பிப் பார்த்து, "எங்கே?" என்று கேட்டார். அவர்கள் மொழியில் அச்சொல்லுக்குப் 'பாட்டி' என்று பொருள் என அறிந்ததும் இருவரும் சிரித்த சிரிப்பில் மொழித் தடை நீங்கிவிட்டது. அதன் பின் அரைகுறை ஹிந்தியே போதுமானதாயிற்று.

2019-ல் அவ்வீட்டில் ஓர் அறையும் காலியில்லை. வீட்டம்மாவின் மகன்தான் எங்களுக்கு வழிகாட்டி. கல்லூரியில் படித்தவன். 'கோ' என்னும் நீண்ட அங்கியும் முழங்கால் வரை காலுறையும் அணிந்து, ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மரியாதைக்குரிய 'லா' சேர்த்து, கதை கதையாகச் சொல்லுவான். "அடுத்த முறை வரும்போது பின்னால் மூன்று புது அறைகள் இருக்கும், லா. வங்கியில் கடன் கேட்டிருக்கிறோம்" என்று எங்களை அழைத்துச் சென்று அளவெடுத்துக் கயிறு கட்டிய இடத்தையும் காட்டினான்.

2020 மார்ச்சில் நோய்த் தொற்றின் காரணமாக நாட்டின் வாயில் மூடியது. இரண்டரை ஆண்டுக் காலம் அது திறக்கவில்லை. மக்களின் உயிரைக் காப்பதில் பூட்டான் பெரும் வெற்றி கண்டது என்பதை உலகம் அறியும். பிழைப்பை இழந்தோர்க்கு மன்னரின் நிவாரண நிதியிலிருந்து மாதந்தோறும் உதவியும் கிடைத்தது. 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி வாயில் மீண்டும் திறந்தபோது, விதிகள் மாறியிருந்தன. பிற அயல்நாட்டார்க்கு அரசாங்கக் கட்டணமே நாளொன்றுக்கு 200 டாலர். மற்றச் செலவுகள் தனி. இந்தியருக்கு முதன்முறையாக 1,200 ரூபாய். பயணிகள் தயங்கினர், விடுதிக்காரர்கள் முறையிட்டனர். 2023 செப்டம்பரில் டாலர் கட்டணம் நூறாகக் குறைந்தது. எனினும் 2023-ல் வந்தோர் ஏறக்குறைய ஒரு இலட்சத்து மூவாயிரம் பேர். 2024-ல் ஒரு இலட்சத்து நாற்பத்தையாயிரம். 2019-ஆம் ஆண்டின் கணக்கில் இது பாதியும் ஆகாது.

2024-ல் நாங்கள் சென்றபோது பின்புறத்து மூன்று அறைகளும் எழுந்து நின்றன. மூன்றும் பூட்டியிருந்தன. மகன் வீட்டில் இல்லை.

"பெர்த்தில் இருக்கிறான்," என்றார் வீட்டம்மா. ஆஸ்திரேலியாவில் முதியோர் இல்லமொன்றில் இரவு வேலையாம். கூடவே படிக்கிறானாம். அவன் அனுப்பும் பணத்தில்தான் வங்கிக் கடன் அடைகிறது. அவன் வகுப்பில் படித்தவர்களில் எத்தனையோ பேர் அங்கேதான் என்றும் சொன்னார். 2022-ல் அந்நாட்டில் வேலைக்கு முன்வந்த இளைஞருள் நூற்றுக்கு 28 பேருக்கும் மேல் வேலையற்றிருந்தனர் என்பது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு. விருந்தினருக்காகக் கட்டிய அறைகளின் கடனை அடைக்க, வீட்டுப் பிள்ளை வேறொரு நாட்டுக்கு விருந்தினனாகிவிட்டான்!

அச்சொல்லைக் கேட்டதும் எங்கள் நால்வரில் எவருக்கும் சிறிது நேரம் பேச்செழவில்லை. பிழைப்பைத் தேடிப் பிள்ளை புறப்பட்ட பின் வாசலைப் பார்த்திருக்கும் தாய்மார்களை நாம் அறியாதவர்களா? கும்பகோணத்திலிருந்து பாட்டியின் கணவர் அந்நாளில் கல்கத்தாவுக்கு ரயிலேறியதும் அவ்வாறே அன்றோ?

கட்டணம் நல்லதா, தீயதா என்று வீட்டம்மாவிடமே கேட்டோம். அவர் பதில் சொல்லுமுன் அடுப்பில் விறகைத் தள்ளி வைத்துச் சற்று யோசித்தார்.

"முன்பு நிறையப் பேர் வந்தார்கள். வந்தவர்களின் முகத்தைப் பார்க்க எனக்கு நேரமிருக்கவில்லை. வாய்க்காலில் பிளாஸ்டிக் சேர்ந்தது, கோயிலில் கூச்சல். இப்போது முகம் தெரிகிறது. ஆனால் அறை காலி. மன்னர் நாட்டைப் பார்க்கிறார். நான் வங்கிச் சீட்டைப் பார்க்கிறேன். இரண்டும் பார்க்க வேண்டியவைதானே?"

புலிக் கூட்டின் படிகளில்

மறுநாள் பாட்டியை வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு, மற்ற மூவரும் தக்த்சாங் மடத்திற்கு ஏறினோம். 'புலியின் கூடு' என்பது அப்பெயரின் பொருள். குரு பத்மசம்பவர் பெண்புலியின் மீதேறிப் பறந்து வந்து அங்குள்ள குகையில் தவம் புரிந்தார் என்பது ஐதிகம். 1692-ல் எழுந்த மடம் 1998-ல் தீக்கிரையாயிற்று. மீண்டும் பழைய வடிவிலேயே கட்டி 2005-ல் திறந்தனர். பள்ளத்தாக்கிலிருந்து ஏறக்குறைய மூவாயிரம் அடி உயரத்தில், செங்குத்தான பாறையின் விளிம்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பைன் மரங்களின் ஊடே வழி ஏறுகிறது. வழிகாட்டியாக இம்முறை 'கீரா' உடுத்த ஓர் இளம்பெண் வந்தாள். பையன் மிட்டாய்த் தாளைக் கீழே போட்டபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. குனிந்து எடுத்துத் தன் அங்கி மடிப்பில் வைத்துக்கொண்டாள். பத்து அடி சென்றதும் பையன் தானாகவே அதைத் திருப்பிக் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். எங்கள் உபதேசம் எதுவும் இவ்வளவு விரைவில் பலித்ததில்லை.

அவளிடம் பேசியபோது ஒரு பழைய செய்தி நினைவுக்கு வந்தது. 2019-ல் நாங்கள் ஊர் திரும்பிய சில நாட்களில், மோட்டார் சைக்கிளில் வந்த இந்தியப் பயணி ஒருவர் டோச்சுலாவில் புனிதத் தூபியின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். 2003-ல் நாட்டுக்காகப் போரிட்டு மாண்டோரின் நினைவோடு 108 தூபிகள் எழுந்த இடம் அது. படம் வெளியாகி இரு நாட்டிலும் கண்டனம் எழுந்தது. சில மாதங்களில் கட்டணச் சட்டம் வந்தது. அந்த ஒருவரால்தான் சட்டம் வந்தது என்று சொல்வது மிகை. ஆனால் ஒரு வீட்டில் விருந்தினர் நடந்துகொள்ளும் முறையே அடுத்தவருக்குக் கதவு எவ்வளவு திறக்கும் என்பதை முடிவு செய்கிறது.

விருந்தினரை எண்ணும் வழக்கம் இன்று பூட்டானுக்கு மட்டும் உரியதுமன்று. நம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் செல்வோர் 2024 மே 7 முதல் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. 2025-ன் கோடையில் உதகைக்கு நாளொன்றுக்கு ஆறாயிரம் வண்டிகள், வார இறுதியில் எட்டாயிரம் என்று எல்லையும் வகுத்தது. மலை தாங்கும் அளவுக்குத்தான் மனிதர் ஏறலாம் என்பதை நம் வீட்டிலும் நாம் கற்க நேர்ந்துவிட்டது. அங்ஙனமிருக்க, பிறர் வீட்டில் அதைக் குறை கூறுவது முறையாகுமா?

எங்கள் முடிவு

ஐந்து நாள் விவாதத்தின் முடிவில் நாங்கள் கண்டது இதுதான். வருவோரை எண்ணுவதற்கும், அவர்களிடம் பங்கு கேட்பதற்கும் அந்நாட்டுக்கு முழு உரிமை உண்டு. அது விருந்தோம்பலுக்கு இழுக்கன்று. வீட்டில் அரிசி எவ்வளவு உள்ளது என்று பார்த்த பின் உலை வைப்பது இல்லறத்தின் முதற் பாடம். ஆனால் எண்ணுவதால் வரும் நன்மை நாடு முழுவதற்கும் சேர, அதனால் வரும் நஷ்டம் சிறு வீடுகளின் தலையில் மட்டும் விழுமானால், அக்கணக்கு இன்னும் நேராகவில்லை என்றே பொருள். மாடமாளிகை போன்ற விடுதிகளுக்குக் கட்டணம் பொருட்டல்ல. அங்கே தங்குவோர் அதை உணரவும் மாட்டார்கள். மூன்று அறை உள்ள வீட்டுக்கு வருபவர்களோ நம்மைப் போன்ற குடும்பத்தார். கட்டணத்தைக் கண்டு நாம் பின்வாங்கினால், முதலில் பூட்டு விழுவது அவ்வறைகளில்தான்.

அந்நாட்டாரும் வழி தேடாமல் இல்லை. அஸ்ஸாம் எல்லையில் கெலெபு என்னும் ஊரருகே ஒரு புதிய நகரம் அமைக்கப்போவதாக மன்னர் 2023 டிசம்பரில் அறிவித்தார். வெளிநாடு சென்ற இளைஞர் திரும்பிவர அங்கே வேலை வேண்டும் என்பது அதன் நோக்கங்களில் ஒன்று. நம் அஸ்ஸாமின் கோக்ராஜாரிலிருந்து அவ்வூருக்கு 69 கிலோமீட்டர் ரயில் பாதை போட இரு நாடுகளும் 2025 செப்டம்பரில் இசைந்தன. ரயில் வந்தால் விருந்தினர் பெருகுவர். அப்போது எண்ணிக்கை பற்றிய கேள்வி மீண்டும் எழும்.

அங்கே செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். கடவுச்சீட்டு அல்லது வாக்காளர் அட்டையை மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்; ஆதார் அட்டையை அங்கே ஏற்பதில்லை. குழந்தைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். கட்டணத்தை முதலிலேயே செலவுக் கணக்கில் எழுதிவிடுங்கள். பின்னர் நெருடல் இராது. ஐந்து இடங்களை ஓடிப் பார்ப்பதைவிட ஓரிடத்தில் இரண்டு நாள் இருங்கள். குடியானவர் வீடுகளில் தங்குங்கள். அவர்கள் வயலில் விளைந்த சிவப்பரிசியையும் கீரையையும் கேட்டு உண்ணுங்கள். நீங்கள் கொடுக்கும் ரூபாய் வாயிலைத் தாண்டி ஓடாமல் அப்பள்ளத்தாக்கிலேயே தங்கும்.

நாங்கள் புறப்படும் காலை, பாட்டி லேக் மார்க்கெட்டில் அரைத்து வந்த காப்பிப் பொடிப் பொட்டலம் ஒன்றை வீட்டம்மாவிடம் கொடுத்தார். அதை எப்படி இறக்குவது என்று முந்தின நாளே, நாங்கள் மலையேறியிருந்தபோது, துணியில் வடிகட்டிச் செய்து காட்டியிருக்கிறார். வீட்டம்மா கூரையிலிருந்து ஒரு முறம் மிளகாயை எடுத்துத் தாளில் கட்டித் தந்தார். விலை கேட்டோம், அவர் காதில் வாங்கவில்லை.

வண்டி கிளம்புமுன் பாட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "பையன் எப்போது வருகிறானாம்?" என்று கேட்டார்.

"இரண்டு வருஷம் என்கிறான், அங்கே."

"என் வீட்டுக்காரரும் இரண்டு வருஷம் என்றுதான் சொல்லிப் புறப்பட்டார்," என்றார் பாட்டி. பிறகு, அவ்வளவில் நிறுத்துவது சரியல்ல என்று தோன்றியதோ என்னவோ, "நாங்கள் அடுத்த பூஜைக்கு வருகிறோம். பின்னாலிருக்கும் புது அறையைத் திறந்து வையுங்கள்" என்றார்.

அந்த மிளகாயில்தான் இன்றும் எங்கள் வீட்டில் வற்றல் குழம்பு நடக்கிறது. காரம் சற்று அதிகந்தான். எண்ணித்தான் போடுகிறோம்.